டிவாய்டு: ஒரே சொல்லைக் கொடுத்து அகராதித் தளங்களைச் சோதித்தால்

அகராதித் தளம் ஒன்றை எடைபோட அரிய சொல்லைத் தேடிப் பயனில்லை. அரிய சொற்களுக்கு எல்லாத் தொகுப்பாளர்களும் மெனக்கெட்டிருப்பார்கள். அன்றாடம் கண்ணில் படுகிற, பார்க்கச் சாதுவான, உள்ளே நாலு மடிப்பு உள்ள சொல்லைக் கொடுத்துப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். ஆங்கிலத்தின் "டிவாய்டு" அதற்கு நல்ல உரைகல். டி, இ, வி, ஓ, ஐ, டி என்று ஆறே எழுத்து. இல்லாமையைச் சொல்லும் பெயரடை. "இல்லாத" என்று பொருள் எழுதிவிட்டு எந்த அகராதியும் தப்பித்துக்கொள்ளலாம். பல தமிழ்க் கையேடுகள் செய்வதும் அதைத்தான்.

தப்பிக்காத அகராதி என்னென்ன சொல்ல வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. முதலாவது, பொருளின் சாயல்: வழக்கமாக இருக்க வேண்டிய, இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிற ஒன்று இல்லை என்பதைத்தான் இந்தச் சொல் காட்டுகிறது. முகத்தில் உணர்ச்சி இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அது இல்லாத முகத்துக்கு இந்தச் சொல் பொருந்தும். பாறையில் உணர்ச்சி இல்லை என்று சொல்ல இதைப் போட்டால் கிண்டலாகிவிடும். இரண்டாவது, இலக்கணம்: இதன் பின்னால் "ஆஃப்" வராமல் இது நிற்காது. "எம்ப்டி ரூம்" என்பதுபோல் "டிவாய்டு ரூம்" என்று பெயருக்கு முன்னால் தனியாக நிறுத்த முடியாது. மூன்றாவது, இது பிறவியிலேயே பெயரடை அல்ல, ஒரு பழைய வினையின் எச்சம் (ஆங்கில இலக்கணத்தில் "பாஸ்ட் பார்ட்டிசிபிள்"). நான்காவது, முன்னால் நிற்கும் "டி" எதிர்மறை முன்னொட்டு அல்ல. இந்த நாலில் எத்தனை கிடைக்கின்றன என்பதே இங்கே மதிப்பெண்.

மெரியம்-வெப்ஸ்டரின் இலவசத் தளம் முதல் இரண்டையும் சுத்தமாகத் தருகிறது. வழக்கமான அல்லது எதிர்பார்க்கப்படும் பண்பு இல்லாத நிலை என்று ஒரே வரியில் விளக்கம். "ஆஃப்" உடன் பயன்படுவது என்ற குறிப்பு அதை ஒட்டியே இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இதைவிட நல்ல வரி வேறு இடத்தில் கிடைப்பது கடினம். சொற்பிறப்பும் உண்டு: இடைக்கால ஆங்கிலத்தில் "டிவாய்டன்" என்ற வினையின் எச்சம், ஆங்கிலோ-பிரெஞ்சு "தெஸ்வாய்டர்" என்பதிலிருந்து வந்தது என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். முதல் பயன்பாடு 15-ஆம் நூற்றாண்டு. அதற்கு மேல் கேட்டால் உறவுச் சொல்லான "வாய்டு" (வெறுமை) பதிவுக்குப் போக வேண்டும். இந்தத் தளத்தில் கவனிக்க வேண்டிய பலவீனம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். அவற்றில் பெரும்பகுதி இணையச் செய்திகளிலிருந்து தானியங்கி முறையில் திரட்டப்பட்டவை. தளமே அப்படி ஒரு குறிப்புப் போட்டிருக்கிறது. ஆகவே விளக்கத்தை நம்பலாம். வாக்கியங்களை மாதிரியாக எடுத்துக்கொண்டு மாணவர்களுக்கு எழுதிப்போடும் முன் ஒருமுறை வடிகட்டுங்கள்.

சொல்லின் பூர்வீகம் என்றால் பலரும் முதலில் போவது எட்டிம்ஆன்லைன். அமெரிக்கரான டக்ளஸ் ஹார்ப்பர் தனியாளாகத் தொடங்கிக் கட்டியெழுப்பிய தளம், விளம்பரங்களோடு இலவசம். டிவாய்டு பதிவில் மூன்றாவது கேள்விக்கு முழு விடை இருக்கிறது. "டிவாய்டெட்" என்ற எச்சத்தின் வால் தேய்ந்ததால் இந்தப் பெயரடை பிறந்தது. வினை வழக்கொழிந்தது, எச்சம் மட்டும் உயிரோடு நின்றது. பழைய பிரெஞ்சில் அந்த வினை "தெஸ்வாய்தியே". "தெஸ்" என்றால் வெளியே, அப்பால். "வாய்தியே" என்றால் காலி செய்தல்.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "டிஃப்ராஸ்ட்" என்றால் உறைபனியை நீக்குதல், "டிகோட்" என்றால் குறியீட்டை அவிழ்த்தல் என்று பழகியவர்களுக்கு "டி" என்றாலே தலைகீழாக்குவது என்று தோன்றும். அந்தக் கணக்குப்படி டிவாய்டு என்றால் வெறுமை நீங்கியது, அதாவது நிறைந்தது என்றல்லவா வர வேண்டும்? வராது. இங்கே முன்னொட்டு வினையை மறுக்கவில்லை. காலி செய்வதை இன்னும் அழுத்துகிறது. நாம் "ஒழித்துக் காலி பண்ணு" என்று இரட்டையாகச் சொல்கிறோமே, அந்த மாதிரி. "அவாய்டு" என்ற சொல்லிலும் இதே பொறி உண்டு. அதன் "அ" கிரேக்கத்து எதிர்மறை அல்ல. வெளியே என்று பொருள்படும் "எஸ்", லத்தீன் "எக்ஸ்". காலி செய்தல், இடத்தை விட்டு விலகுதல், பிறகு தவிர்த்தல் என்று அந்தச் சொல்லின் பொருள் நகர்ந்தது. ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குவது என்ற பழைய பொருளில் சட்ட ஆங்கிலம் இன்றும் "அவாய்டு" என்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் "வாய்டு", "வாய்டபிள்" இரண்டுக்கும் விளக்கம் இருக்கிறது. இரண்டாவதை வணிகவியல் பாடத்தில் "தவிர்தகு ஒப்பந்தம்" என்று படித்தவர்களுக்கு, தவிர்ப்பது எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

எட்டிம்ஆன்லைனின் உண்மையான பலம் வேர்ப் பக்கங்கள். டிவாய்டு பதிவில் நின்றுவிடாமல் வாய்டுக்குப் போய், அங்கிருந்து நட்சத்திரக் குறியிட்ட இந்தோ-ஐரோப்பிய (ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழி) வேரைச் சொடுக்குங்கள். கைவிடு, வெறுமையாக்கு, தீர்ந்துபோ என்ற பொருள்கொண்ட அந்த வேரின் கீழ் குடும்பமே கூடி நிற்கும்: வேகன்ட், வெக்கேஷன், வேக்யூம், எவாக்குவேட், வெயின் (வீண்), வானிஷ், வேஸ்ட், வேன் (நிலவு தேய்தல்). விடுமுறையும் வெற்றிடமும் வீண்பெருமையும் தேய்பிறையும் பங்காளிகள். "வான்டன்" என்ற சொல்லின் முதல் பாதியும் இந்த வீட்டுப் பிள்ளைதான்: பழைய ஆங்கிலத்தில் "வன்" என்றால் குறைந்த, இல்லாத, பயிற்றி வளர்க்கப்படாதவன் என்பதே அதன் முதற்பொருள்.

அதே பக்கத்தில் தமிழ் வாசகர் விரலை வைத்து நிறுத்த வேண்டிய ஒரு வரி உண்டு. வேருக்குச் சான்றாகக் காட்டும் மொழிகளில் சமஸ்கிருதத்தின் "ஊன" இருக்கிறது: குறைந்தது, அளவுக்குப் போதாதது என்று பொருள். அந்த மொழியில் பத்தொன்பதுக்கு "ஏகோனவிம்சதி" என்று பெயர். ஒன்று குறைந்த இருபது. நாம் "ஊனம்" என்று புழங்குகிற சொல் அங்கிருந்து வந்ததுதான். ஆக, டிவாய்டுக்கும் ஊனத்துக்கும் தொலைதூரத்தில் இரத்த உறவு. இதைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவு என்று நீட்டி முகநூலில் போட்டுவிட வேண்டாம். கடன்சொல் வழியாக வந்த உறவு, அவ்வளவே. உறவு இருக்கிறது என்பதற்காக மொழிபெயர்ப்பில் ஒன்றுக்கு இன்னொன்றைப் போடவும் முடியாது. ஊனம் நம்மிடம் உடற்குறை என்று சுருங்கி, பிறகு மாற்றுத்திறன் என்ற சொல்லுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. சொற்பிறப்பு விளக்கம் வேறு, இன்றைய பொருள் வேறு என்று அந்தத் தளமே முகப்பில் எச்சரிக்கிறது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் உள்ள ஆண்டு, எழுத்தில் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றின் தோராயமான காலம். சொல் பிறந்த நாள் அல்ல. அந்தச் சான்று எந்த நூலில், எந்த வரியில் என்று தளம் காட்டுவதில்லை. பள்ளிக் கட்டுரைக்கு இது போதும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இதை மட்டும் போட்டால் வழிகாட்டி சிவப்பு மையைத் திறப்பார்.

மூலச் சான்று வேண்டுமென்றால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதிக்குப் போக வேண்டும். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு உழைப்பில் 2001-இல் நிறைவடைந்த பெருந்தொகுப்பு. இணையத்தில் முழுக்க இலவசம். கட்டணமோ பதிவோ கேட்காத இதைப் பற்றித் தமிழில் யாரும் பேசுவதில்லை என்பது வருத்தம். தேடும் முறையைத் தெரிந்துகொள்ளாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். இன்றைய வடிவத்தைத் தட்டாதீர்கள். அந்தக் கால வினைகள் "அன்" விகுதியோடு தலைச்சொல்லாக நிற்கும். ஆகவே "டிவாய்டன்" என்று தேடுங்கள். கையெழுத்துப் படிகளில் சொல்லின் நடுவே வரும் "வி" எழுத்து "யு" ஆகவும், "ஐ" எழுத்து "ஒய்" ஆகவும் இருப்பது சகஜம். அதனால் மேற்கோள்களில் கண்ணால் தேடும்போது டி, இ, யு, ஓ, ஒய், டி என்ற உருவத்தையும் எதிர்பாருங்கள். இதை அறியாமல் "மேற்கோளில் சொல்லே இல்லையே" என்று பக்கத்தை மூடியவர்கள் உண்டு. மேற்கோள்களை வரிசையாகப் படித்தால் அகற்று, காலி செய், வெளியேறு என்று வினை உயிரோடு நடமாடுவதைப் பார்க்கலாம். அந்தக் காலத்து மொழிக்குப் பழகாதவருக்கு ஒரு பக்கம் படிக்க அரை மணி ஆகும். ஆனாலும் நாலு தளத்தின் சுருக்கத்தைவிட இந்த அரை மணி நிறையக் கற்றுக்கொடுக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது? நாலு கேள்விக்கும் விடை தருவது இது ஒன்றே. வினை, எச்சம், பெயரடை ஆகியவற்றுக்குக் கால வரிசையில் மேற்கோள்கள், வழக்கொழிந்த பொருள்களுக்குக் குறி, எல்லாம் ஒழுங்கு. ஆனால் சந்தா இல்லாவிட்டால் முழுப் பதிவு திறக்காது. தனியொருவர் சந்தா கட்டுவது, மாதம் நாலைந்து சொல் பார்ப்பவருக்குக் கட்டுபடியாகாது. பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பிரிட்டனில் வாழும் தமிழர்கள் என்றால், பல ஊர்களில் உள்ளூர்ப் பொது நூலக அட்டை எண்ணைக் கொண்டே வீட்டிலிருந்து நுழையலாம். இது இரண்டும் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. இந்த அகராதியின் முதற்பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் ஒளிநகல்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசம். "டி", "இ" எழுத்துகள் அடங்கிய மூன்றாம் தொகுதி 1897-இல் வந்தது. கோப்பு பெரியது, அச்சு பொடி. கைப்பேசியில் படிக்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் கணினியில் திறங்கள். டிவாய்டு போன்ற பழைய சொல்லுக்கு இந்தப் பழைய பதிப்பே பெருமளவு போதும். பிற்காலத்தில் கிடைத்த சான்றுகள் மட்டும் இதில் இருக்காது.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சில் அது பிறகு என்ன ஆனது என்று எட்டிப்பார்ப்பவர் குறைவு. பார்க்க வேண்டிய இடம், பிரெஞ்சு மொழிப் பெருங்கருவூலத்தின் இலவச இணையப் பதிப்பு. "தெஸ்வாய்தியே" இன்றைய பிரெஞ்சில் "தெவிதே" ஆகி, நூலைப் பிரித்தெடுத்தல் என்ற பொருளோடு வாழ்கிறது. கதிரில் சுற்றிய நூலைக் கழற்றக் கழற்றக் கதிர் காலியாகிறது அல்லவா? காலி செய்வது நூல் பிரிப்பதாக மாறிய இரகசியம் அவ்வளவுதான். நூல் சுற்றும் சட்டத்துக்கு அங்கே "தெவித்வார்" என்று பெயர். ஒட்டுநாடாவைச் செருகி இழுக்கும் மேசைச் சாதனத்துக்கும், தீயணைப்புக் குழாய் சுருட்டி வைக்கும் உருளைக்கும்கூட அதே பெயர். ஆங்கிலத்தில் வற்றிப்போன வினை பிரெஞ்சுக்காரரின் மேசையில் தினமும் சுழல்கிறது. தளத்தின் இடைமுகம் பழையது, வண்ண வண்ணமாகக் கண்ணை உறுத்தும், விளக்கமெல்லாம் பிரெஞ்சில்தான். உலாவியின் மொழிபெயர்ப்பைப் போட்டால் குத்துமதிப்பாகப் புரியும். ஆனால் மேற்கோள் பகுதியில் பழைய பிரெஞ்சை அது கண்டபடி கலக்கிவிடும். அந்தப் பகுதிக்கு மட்டும் மொழிபெயர்ப்பை அணைத்துவிடுங்கள்.

ஆங்கில விக்சனரி வேகமானது, சில இடங்களில் ஆழமானது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் தரம் மாறும். ஒரு குழப்பத்தை மட்டும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளலாம். எட்டிம்ஆன்லைன் வேரை உயிரெழுத்துகளால் எளிமையாக எழுதுகிறது. விக்சனரி "ஹெச்" எழுத்துக்குக் கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதும். அந்த எண்கள் மறைந்துபோன தொண்டை ஒலிகளைக் குறிக்கும் அடையாளங்கள். எழுதும் முறை இரண்டானாலும் வேர் ஒன்றே. நட்சத்திரக் குறி எங்கே வந்தாலும் அது எழுத்தில் கிடைத்த வடிவமல்ல, அறிஞர்கள் மீட்டுருவாக்கிய வடிவம் என்று கொள்ளுங்கள். வாய்டுக்கு மெரியம்-வெப்ஸ்டர் காட்டும் பேச்சு லத்தீன் "வோகிதுஸ்" அப்படி நட்சத்திரமிட்டது. அதற்கு முந்தைய "வோகிவுஸ்" எழுத்தில் உள்ளது. நட்சத்திரத்தைப் படியெடுக்கும்போது விட்டுவிடுவது, தமிழில் வரும் சொற்பிறப்புக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழை.

இனி தமிழ்ப் பக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் நமக்கு இரண்டு புதையல்கள்: அ. சிதம்பரநாதன் செட்டியார் பதிப்பித்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ் லெக்சிகன். முதலாவது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொற்களை அடுக்கித் தருவது. அடுக்கில் எதை எங்கே எடுப்பது என்பதை அது சொல்லித்தராது. அதற்கு லெக்சிகனைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

டிவாய்டுக்கு "அற்ற" என்பதே நேர்ச்சொல் என்பது எங்கள் முடிவு. காரணத்தை லெக்சிகனில் பார்க்கலாம். "அறு" என்று தேடினால் எண்ணிட்ட பல பதிவுகள் வரும். அறுத்தல் என்பது பிறவினை, கயிற்றை நாம் வெட்டுவது. அறுதல் என்பது தன்வினை, கயிறு தானாக இறுவது, ஒன்று தீர்ந்துபோவது. "அற்ற" பிறந்தது இரண்டாவதிலிருந்து. நீர் வற்றிய குளத்தை மூதுரை "அற்ற குளம்" என்கிறது. இருந்திருக்க வேண்டிய நீர் தீர்ந்த குளம். டிவாய்டு போலவே இதுவும் ஒரு வினையின் எச்சம், அதுவும் தீர்ந்துபோதலைச் சொல்லும் வினை. அது "ஆஃப்" இல்லாமல் நிற்காததுபோல, இன்றைய உரைநடையில் "அற்ற"வும் முன்னால் ஒரு பெயர் இல்லாமல் நிற்பது அரிது: இரக்கமற்ற, பொருளற்ற, உணர்ச்சியற்ற. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே வழியில் போயிருக்கின்றன.

"இல்லாத" தவறல்ல, ஆனால் அது வெறும் செய்தி. "சீனி இல்லாத காப்பி" என்பதை "சீனியற்ற காப்பி" என்றால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆங்கிலத்திலும் அந்தக் காப்பிக்கு டிவாய்டு போட மாட்டார்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் இதோடு பிரித்துவிடலாம், ஏனெனில் இணையான சொற்களை அடுக்கித் தரும் தளங்கள் இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. "பிரெஃப்ட்" என்பது பழைய ஆங்கிலத்தில் பறித்தல் என்ற வினையின் எச்சம். கையில் இருந்தது போயிற்று என்ற வலி அதில் உண்டு. தமிழில் "இழந்த". "டெஸ்டிடியூட்" கைவிடப்பட்ட நிலை, வறுமைக்குரியது, "ஆதரவற்ற" பொருந்தும். "வேகன்ட்" என்றால் குடியிருப்பவரோ பதவியில் இருப்பவரோ இல்லாத இடம். அரபியிலிருந்து உருது வழியாக வந்த நம் "காலி" அதற்கு அளவெடுத்துத் தைத்தது, காலிப்பணியிடம் உட்பட. "எம்ப்டி" பாத்திரத்துக்கு வெறும், வெற்று. கணவரை இழந்தவரைப் பற்றிய வாக்கியத்தில் பிரெஃப்ட் இருக்க, மொழிபெயர்ப்பில் "கணவரற்ற" என்று எழுதினால் இலக்கணம் பிழைக்கும், மனிதத்தன்மை பிழைக்காது.

தமிழ் விக்சனரியில் இந்த வேறுபாடுகளைத் தேடிப் போக வேண்டாம். அங்குள்ள ஆங்கிலச் சொற்பதிவுகளில் பெரும்பகுதி கலைச்சொல் பட்டியல்களிலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டவை. துறைச்சொல் ஒன்றுக்கு உடனடி விடை வேண்டும்போது அது கைகொடுக்கும்.

வேலை வரிசை இதுதான். பொருளுக்கும் "ஆஃப்" போன்ற இலக்கணத்துக்கும் மெரியம்-வெப்ஸ்டர், இரண்டு நிமிடம். குடும்பத்தைப் பார்க்க எட்டிம்ஆன்லைன், ஐந்து நிமிடம். மேற்கோள் காட்ட வேண்டியிருந்தால் மட்டும் மிச்சிகனும் 1897-ஆம் ஆண்டுத் தொகுதியும். அதற்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். தமிழில் எழுத உட்காரும்போது லெக்சிகன். இதில் எதற்கும் ஒரு காசும் செலவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு சந்தா, வாரம் தவறாமல் இந்த வேலையைச் செய்பவருக்கு மட்டும்.